காலிக் கட்டங்கள்

மூன்றாம் அறையில் வார்டு உதவியாளர் வாண்டா, நோயாளி ரேயின் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தொண்டையில் சுவாசக் குழாய் இருக்கும் ஆளுக்குப் பல் தேய்ப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. இடது கை குழாயை அசையாமல் பிடித்திருக்க வேண்டும். வலது கையில் குட்டி பிரஷ். ஊறுகிற எச்சிலை உடனுக்குடன் உறிஞ்சி எடுக்க வேண்டும். தப்பித்து இறங்கினால் அது போய்ச் சேருமிடம் நுரையீரல்.

"வீட்ல இவரைப் பல்லு தேய்க்க வைக்கறதே பெரும்பாடு," என்றாள் ஜோலீன், ரேயின் மனைவி. பள்ளிக்கூடச் சமையலறை வேலைக்குப் போகும் வழியில் தினமும் வந்துவிடுவாள். "இப்ப பாருங்க, ராஜா கணக்கா படுத்துக்கிட்டுக் காட்டறாரு."

"எந்திரிச்சதும் மொத்தமா வேலை வாங்கிடு கண்ணு."

ரே, மாவட்ட நிர்வாகத்தின் பனி தள்ளும் லாரியை ஓட்டுபவன். ஜனவரியில் பிடித்த ஃப்ளூ நுரையீரலுக்கு இறங்கி, மெஷின் மூச்சில் இன்றைக்குப் பதினோராம் நாள். இரண்டாம் நாளிலிருந்து ஸ்டீராய்டு. அது வீக்கத்தை வற்ற வைத்தது. ஆக்சிஜனையும் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். ஜோலீனுக்கு அந்த மருந்தின் மேல் சாமி மேல் இருக்கும் பக்தி.

வாண்டா குனிந்தாள். வாயிலிருந்து ஒரு இனிப்பான கெட்ட வாடை. உறிஞ்சிய சளியும் நேற்றைவிடப் பச்சையாக இருந்தது.

பத்து மணிக்கு டாக்டர் ஹாலொரன் வந்தார். கூடவே வார்டு மேலாளர் பெவ். உதவியாளர்கள் டாக்டரிடம் நேராகப் பேசுவது வழக்கமில்லை. வாண்டா பேசினாள்.

"இவர் வாய் வாடை சரியில்லை டாக்டர். சளியும் நெறம் மாறியிருக்கு."

"காய்ச்சலே இல்லை," என்றாள் பெவ்.

"ஸ்டீராய்டு போற ஒடம்பு காய்ச்சலைக் காட்டாது. எதிர்த்து நிக்கற சக்தியைத்தான் அது தூங்க வெச்சிருக்கே," என்ற டாக்டர் பதிவுத் திரையைப் பார்த்தார். "வாய் சுத்தம்தான் ஒழுங்கா நடந்திருக்கே."

ஒரு ஷிஃப்டுக்கு ஆறு தடவை வாயைச் சுத்தம் செய்ய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் திரையில் ஒரு கட்டம், செய்ததும் அதில் ஒரு டிக். பதினாலு படுக்கைக்கு மூன்று உதவியாளர்கள் இருந்தவரை ஆறும் நடந்தது. இலையுதிர் காலத்தில் ஒருத்தி வேலையை விட்டாள். அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. அதற்குப் பிறகு மற்றவர்கள் கிளம்பும்போது கோட்டை மாட்டிக்கொண்டே வந்து ஆறு டிக்கையும் ஒரே மூச்சில் போட்டுவிட்டுப் போனார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது.

டாக்டரின் விரல் ஓரிடத்தில் நின்றது. "சில நாள்ல மட்டும் ரெண்டு டிக்தானே இருக்கு? யாரு அது?"

"நான்தான்."

"ஏன் ரெண்டு?"

"ரெண்டு தடவைதான் பண்ண முடிஞ்சுது. பண்ணாததுக்கு டிக் போட எனக்குக் கை வராது."

"மத்த நாள்லாம் முழுசா இருக்கே?"

வாண்டா பிரஷைக் கழுவத் திரும்பினாள். பெவ் கையிலிருந்த பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள்.

டாக்டருக்குப் புரிந்துவிட்டது. "சளியை இப்பவே சோதனைக்கு அனுப்புங்க. எக்ஸ்ரே எடுங்க. ஆன்டிபயாடிக்கை ஆரம்பிச்சிடலாம். ஸ்டீராய்டு அதோட வேலையை முடிச்சிடுச்சு, இன்னைலேர்ந்து குறைக்கலாம்."

ஜோலீன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அந்த மருந்தாலதானே பொழைச்சாரு? அதையே குறைக்கறீங்களே!"

"பொழைச்சாரு. இனிமே அதுவே தொல்லையாயிடும்மா."

சோதனையில் கிருமி இருந்தது. "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா கஷ்டம்," என்றார் டாக்டர். ஒரு வாரம் கழித்துக் குழாயை எடுத்தார்கள். ரே நெடுநேரம் இருமினான். பிறகு ஓட்டைக் குழலில் காற்று போவதுபோல் ஒரு குரல் வந்தது.

"என் லாரியை யாரு ஓட்டறா?"

"செத்துப் பொழைச்சு வந்து கேக்கற கேள்வியப் பாரு!" ஜோலீன் அழுதுகொண்டே சிரித்தாள். வாண்டாவைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. வாண்டாவும் அழுதாள்.

அன்று மத்தியானமே பெவ் அவளை அறைக்குக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினாள். எச்சரிக்கைக் கடிதம். பதிவுகள் முழுமையாக இல்லையாம்.

"இது பண்ணாம விட்டதுக்கா, பதியாம விட்டதுக்கா?"

"பதியாததுக்கு. என்னைத் திட்டாதீங்க வாண்டா, மேலேர்ந்து வந்தது. மாகாணத் தரப்பட்டியல்ல நம்ம வார்டு கீழ போயிடுச்சு."

"மூணாவது ஆளு?"

"கேட்டிருக்கேன்," என்றாள் பெவ், கண்ணைப் பார்க்காமல்.

வாண்டா கையெழுத்துப் போட்டாள்.

திங்கட்கிழமையிலிருந்து திரை மாறியிருந்தது. இனி யாருக்கும் சிரமம் வேண்டாமென்று, ஆறு கட்டங்களிலும் டிக் முன்கூட்டியே விழுந்திருந்தது. சாயங்காலம் ஏழு மணிக்கு ஷிஃப்ட் முடிந்தது. இன்னொரு உதவியாளர் கோட்டை மாட்டிக்கொண்டு, "நல்ல வசதி பண்ணிட்டாங்கக்கா," என்று சொல்லிவிட்டுப் போனாள். மூன்றாம் அறையில் ரே நடுங்குகிற கையால் தானே பல் தேய்த்துக்கொண்டிருந்தான். ஜோலீன் கிண்ணத்தை ஏந்தியபடி, "பின்பக்கம், பின்பக்கம்," என்று அதட்டிக்கொண்டிருந்தாள்.

வாண்டா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மாட்டியிருந்த கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுத் திரைக்கு முன் நின்றாள். ஒரு டிக்கை எடுத்தால், 'நிச்சயமாகவா?' என்று திரை கேட்டது. ஆம் என்று அழுத்தினாள். ரேயைத் தவிர பதிமூன்று நோயாளிகள், ஆளுக்கு அன்றைக்கு நடக்காத மூன்று. ஒவ்வொரு தடவையும் அது கேட்டது. ஒவ்வொரு தடவையும் ஆம் என்றாள்.