ஒரு தலை அதிகம்

ஜெயிலின் மூன்றாவது பிளாக்கில் ஏணி மேல் நின்றபடி, பாதி உடம்பைக் கூரைக்குள் நுழைத்துக்கொண்டு, வயரைக் கடித்துவைத்த எலியின் ஏழு தலைமுறையையும் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தார் கரண்ட்டுக்காரர்.

அவசரம் அவருக்கு. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஹோட்டலில் மாப்பிள்ளை வீட்டாரைச் சந்தித்து, மகள் கல்யாணத்தைப் பேசி முடிக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை போகவில்லை. முதல் முறை மெயின் கேட் மோட்டார் மக்கர் பண்ணியது. அடுத்த முறை அபாயச் சங்கு ஊத ஆரம்பித்து, நிற்கவே மாட்டேன் என்றது. பெண்ணுக்கு அப்பா நிஜமாகவே இருக்கிறாரா, போட்டோவில் மட்டும்தானா என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டுவிட்டாளாம்.

"இன்னிக்கும் வரலைன்னா இந்தச் சம்பந்தம் இல்ல. அப்புறம் அந்த ஜெயிலையே கட்டிக்கிட்டு அழுங்க" என்று காலையில் மனைவி சொல்லியனுப்பியிருந்தாள்.

கடைசி முடிச்சைப் போட்டு டேப்பைச் சுற்றிவிட்டு இறங்கினார். மெயினைப் போட வேண்டியதுதான் பாக்கி. ஃபேன் ஓடாத புழுக்கத்தில் கைதிகள் அத்தனை பேரும் சட்டையைக் கழற்றியிருந்தார்கள். அவரும்தான். அந்த அரையிருட்டில் முதுகுக்கு முதுகு வித்தியாசம் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து, தலை எண்ண வந்த புது வார்டர் வாசலில் நின்று குரல் கொடுத்தார்.

"உட்கார்."

பன்னிரண்டு வருட சர்வீஸ். அந்தக் கட்டடத்தில் அந்த வார்த்தை காதில் விழுந்தால் சமையல்காரருக்கும் முழங்கால் மடங்கும், முடிவெட்டுகிறவருக்கும் மடங்கும். கரண்ட்டுக்காரருக்கும் மடங்கியது. இரண்டிரண்டு பேராக உட்கார்ந்திருந்த வரிசையின் கடைசியில் வக்கீல் மட்டும் ஜோடியில்லாமல் இருந்தார். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். வக்கீல் நிஜ வக்கீல் இல்லை. அடுத்தவன் வீட்டை மூன்று பேருக்கு விற்றுவிட்டு உள்ளே வந்தவர். வாய்க்காக வந்த பட்டப்பெயர்.

புது வார்டர் எண்ணினார். தொண்ணூற்றேழு பேர் இருக்க வேண்டிய இடத்தில் தொண்ணூற்றெட்டு பேர் இருந்தார்கள். திரும்ப எண்ணினார். அதே தொண்ணூற்றெட்டு. முகம் வெளுத்துவிட்டது. ஒருத்தன் குறைந்தால் ஓடிவிட்டான் என்று தேடலாம். ஒருத்தன் கூடினால் என்ன செய்வது என்று பயிற்சியில் யாரும் சொல்லித் தரவில்லை.

கணக்கு சரியாகும்வரை ஒரு கதவும் திறக்காது. சூப்பிரண்டே வந்து நின்றாலும் திறக்காது. போன் செய்யலாம் என்றால் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

எண்ணத் தெரியாதவனையெல்லாம் வேலைக்கு எடுத்தால் இப்படித்தான் என்று கரண்ட்டுக்காரர் பொருமினார். வேறு பிளாக்கிலிருந்து எவனோ ஒருத்தன் வந்து நடுவில் உட்கார்ந்திருக்கிறான், அவனால் என் பெண் கல்யாணம் நிற்கப்போகிறது என்று வக்கீலிடம் புலம்பினார்.

"யாருண்ணே அந்த மடையன்" என்றார் வக்கீல், ரொம்ப வருத்தமாக.

வக்கீலுக்கு விஷயம் முதலிலேயே தெரியும். ஆனால் எண்ணிக்கை முடிந்தால் தோட்டத்தில் மண் வெட்டப் போக வேண்டும். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அவர் வாயைத் திறப்பாரா?

கடைசியில் ஹெட் வார்டரே வந்தார். தலையை எண்ணினால்தானே தப்பு வருகிறது என்று, ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். கூப்பிட்டவன் எழுந்து சுவரோரம் போனான். வரிசை கரைந்துகொண்டே வந்தது. வக்கீலும் எழுந்து போனார்.

தரையில் ஒரே ஒரு ஆள் மிச்சம். கரண்ட்டுக்காரர் இடமும் வலமும் திரும்பி அந்த மடையனைத் தேடினார்.

"நீ இங்க என்னய்யா பண்றே?" என்றார் ஹெட் வார்டர்.

"உட்காருன்னாங்கண்ணே. உட்கார்ந்தேன்."

சுவரோரம் சிரிப்பு வெடித்தது. ஹெட் வார்டருக்குச் சிரிப்பு வரவில்லை. சம்பளக்காரனைக் கைதியாக எண்ணிய கதை சூப்பிரண்டு காதுக்குப் போவதற்குள் ஆளை வெளியே தள்ளியாக வேண்டும். ஐந்து மணிக் கல்யாணப் பேச்சைச் சொல்லிக் கரண்ட்டுக்காரர் கெஞ்சினார். மணி நாலே முக்கால். பஸ் பிடித்தால் நடக்கிற காரியமில்லை. கோர்ட்டிலிருந்து கைதிகளைக் கூட்டிவரக் கிளம்பிக்கொண்டிருந்த வேனில் அவரை ஏற்றி, பின்பக்கக் கம்பிக் கதவைப் பூட்டச் சொல்லிவிட்டார்.

ஹோட்டல் கண்ணாடிக்குப் பின்னால் மனைவி, மகள், மாப்பிள்ளையின் அப்பா, அம்மா என்று நாலு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் வந்து நின்ற கம்பி வேனையும் பார்த்தார்கள், பூட்டைத் திறந்து இறக்கப்பட்ட ஆளையும் பார்த்தார்கள். சட்டைப் பொத்தான் ஒன்று மாறியிருந்தது. முகமெல்லாம் ஒட்டடை. வேன் காவலர் அவர் முழங்கையைப் பிடித்து மேஜைவரை கூட்டி வந்தார். அந்த வேனின் பின்பக்கத்தில் வந்த யாரையும் அவர் தெருவில் விட்டதில்லை. பொறுப்பான ஆள் கையில் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கித்தான் பழக்கம்.

"இவரை யார் பொறுப்பேத்துக்கிறீங்க?"

மனைவி மெனு கார்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மகள் தண்ணீர் டம்ளரையே பார்த்தாள். மாப்பிள்ளையின் அம்மா கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எழத் தயாரானாள்.

வேறு வழியில்லை. கரண்ட்டுக்காரர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். எலியிலிருந்து ஆரம்பித்து, உட்கார்ந்தது, தன்னையே தான் திட்டியது வரை ஒன்று விடவில்லை.

மாப்பிள்ளையின் அப்பா ரிட்டயரான பஸ் கண்டக்டர். உம்மென்று கேட்டுக்கொண்டிருந்தவர் தொண்டையைக் கனைத்தார்.

"நான் ஒரு தடவை என்னையும் சேர்த்து எண்ணிட்டு, டிக்கெட் எடுக்காதவன் எவன்னு பஸ்ஸையே நிறுத்தி வெச்சிருக்கேன். மழையில அத்தனை பேரும் என்னைத் திட்டினாங்க. இவகிட்டகூட இதுவரைக்கும் சொன்னதில்ல."

அவர் மனைவி கைப்பையை மெதுவாகத் திரும்பக் கீழே வைத்தாள்.

"கொண்டாங்க, நான் போடறேன். என் சம்பந்தி" என்று காவலரிடம் பேனாவை வாங்கினார் கண்டக்டர்.

கையெழுத்தைச் சரிபார்த்த காவலர், வழக்கப்படி, எப்போது திருப்பி அனுப்புவீர்கள் என்று கேட்டார்.

"கல்யாணம் முடியட்டும்" என்றார் கண்டக்டர்.

கரண்ட்டுக்காரர் மனைவி மெனு கார்டை இறக்கினாள். கணவரின் பொத்தானைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டு, பக்கத்து நாற்காலியை இழுத்துக் காட்டினாள். அவள் சொல்வதற்கு முன்பே அவர் உட்கார்ந்துவிட்டார்.