குழாய் வளரும் வீடு

செமாராங் நகரின் வடக்குக் கடற்கரையில், மீன்குட்டையைத் தூர்த்துக் கட்டிய தெருவில் இருந்தது ஹர்ஜோனோவின் வீடு. ஸ்கூட்டர் பழுதுபார்ப்பது அவன் தொழில். தங்கை பலூப்பி ஊருக்குள் ஒரு பாலம் கட்டும் கம்பெனியில் மண் பரிசோதிக்கும் இன்ஜினியர். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லி அண்ணன் போன் செய்தபோது, சாப்பிடத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்துக் கிளம்பினாள். வந்து பார்த்தால் முன்னறையில் பாய் விரித்துத் தெருவே உட்கார்ந்திருந்தது.

"வா டெக், உனக்காகத்தான் காத்திருக்கோம்" என்று இடம் ஒதுக்கினான் அண்ணன். தங்கையை அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. தங்கச்சி என்ற அர்த்தத்தில் டெக்தான். அவளுக்கு அவன் மாஸ், அதாவது அண்ணன்.

எல்லாரும் மரியாதையாகப் பாக் என்று அழைக்கும் தெருத் தலைவர் மர்ஜுக்கி விஷயத்தைச் சொன்னார். ஓதம் ஏறும்போதெல்லாம் கடல் அடுப்படி வரை வந்துவிடுகிறது. அதனால் எல்லா வீட்டுத் தரையிலும் ஒரு முழத்துக்கு மண் கொட்டி உயர்த்தப் போகிறார்கள். ஆனால் பாதிப் பேர் தயங்குகிறார்கள். மறுபடியும் இறங்கிவிட்டால்?

"தரை இறங்கறது நின்னுபோச்சுன்னு நீ ஒரு வார்த்தை சொல்லும்மா. எல்லாரும் சேர்ந்துருவாங்க."

பலூப்பி எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். ஆழ்துளைக் கிணற்றின் இரும்புக் குழாய் அங்கே நின்றது. அடியில் கெட்டி மண் வரை இறக்கியது, அதனால் அது அசையாது. வீடுதான் அதைச் சுற்றி இறங்கிக்கொண்டிருந்தது. வீடு கட்டிய புதிதில் கணுக்கால் உயரம் இருந்த குழாய் இப்போது அவள் இடுப்பைத் தாண்டி நின்றது. குழாய் வளருகிறது என்பார்கள் வீட்டுக் குழந்தைகள். ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் ஹர்ஜோனோ தரை மட்டத்தில் அரத்தால் ஒரு கீறல் போட்டு வந்திருந்தான்.

"இதப் பாரு" என்று அவன் பின்னாலேயே வந்து காட்டினான். "முதல் வருஷம் ஒரு முழம். போன வருஷம் ஒரு விரக்கடை. களைச்சுப்போச்சு டெக். இனிமே எங்க இறங்கப்போகுது?"

அவள் கீறல்களை அளந்தாள். முன்னறைக்குத் திரும்பி, பையிலிருந்து மடக்கைத் தாளை எடுத்துப் பாயில் விரித்து, புள்ளி வைக்க ஆரம்பித்தாள். அந்தத் தாளில் ஒன்றாம் மாதத்திலிருந்து பத்தாம் மாதம் வரை எவ்வளவு அகலமோ, பத்திலிருந்து நூறு வரைக்கும் அதே அகலம்தான். சாதாரணத் தாளில் போட்டிருந்தால் கோடு வளைந்து படுத்து, இதோ நின்றுவிடப் போகிறது என்று ஆசை காட்டியிருக்கும். எங்காவது ஒரு புள்ளியாவது விலகாதா என்று அவளும் பார்த்தாள். அத்தனையும் நூல் பிடித்தாற்போல் ஒரே நேர்கோட்டில் விழுந்தன.

"நிக்கல மாஸ். முதல் பத்து மாசத்துல எவ்வளவு இறங்குச்சோ, நூறு மாசம் ஆகறதுக்குள்ள அதே அளவு மறுபடி இறங்கிருக்கு. மெதுவாகுது, அவ்வளவுதான்."

"மெதுவாகுதுல்ல? அது போதும்" என்றார் மர்ஜுக்கி.

"இப்படியே விட்டா மெதுவாத்தான் போகும். நீங்க மேல மண்ண ஏத்துறீங்களே. அடியில இருக்கறது சேறு. புதுசா பாரம் ஏறினா கணக்கு திரும்ப ஒண்ணாம் மாசத்துலேர்ந்து தொடங்கும். பத்து மாசத்துல அரை முழம் போயிரும். நூறு மாசத்துல மிச்சமும் போயிரும்."

மர்ஜுக்கி தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கல்யாணத்துக்கு நாள் குறிக்கச் சொன்னா, நீ கருமாதிக்கு நாள் குறிக்கிறியேம்மா."

ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். ஹர்ஜோனோ தலையைக் குனிந்துகொண்டான். தங்கையைப் பற்றித் தெருவெல்லாம் பெருமை பேசியவன் அவன்.

அடுப்படி வாசலில் நின்றிருந்த அண்ணி துமினா கேட்டாள்: "சரி, மண்ணு போடல. அப்ப என்ன பண்றது?"

பலூப்பி ஒவ்வொரு வழியாக யோசித்துப் பார்த்தாள். கெட்டி மண் வரை தூண் இறக்கலாம். அந்தச் செலவில் இந்த வீட்டைப் போல மூன்று வீடு கட்டிவிடலாம். விற்றுவிட்டுப் போகலாம். தண்ணீரில் நிற்கிற வீட்டை யார் வாங்குவார்கள்? தன் வீட்டுக்கு வாருங்கள் என்று சொல்ல அவளிடம் இருந்தது ஒற்றை அறை வாடகைக் குடித்தனம்.

"தெரியல" என்றாள்.

"நூறு மாசம்னா எத்தன வருஷம்?"

"எட்டுக்கு மேல."

துமினா விரல் மடக்கிக் கணக்குப் பார்த்தாள். "அதுக்குள்ள சின்னவ பள்ளிக்கூடம் முடிச்சிருவா. அதுவரைக்கும் அடுப்பு நனையாம இருந்தா சரி. மண்ணக் கொட்டுங்க."

"அப்புறம், அண்ணி? திரும்பப் போடணும். பாரம் ஏறும், திரும்ப இறங்கும். கடலும் ஏறிக்கிட்டே வருது."

"அப்புறத்த அப்புறம் பாப்போம். நீ சாப்பிட வா."

அடுத்த ஞாயிறு லாரிகள் வந்தன. தெருவே கைகோத்து வேலை செய்தது. பலூப்பியும் பாவாடையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு வரிசையில் நின்றாள். கைக்குக் கை மாறி வந்த ஒவ்வொரு கூடையையும் வாங்கும்போது, அது அடியில் உள்ள சேற்றிலிருந்து எவ்வளவு தண்ணீரைப் பிழிந்து வெளியேற்றும் என்று மனம் அதுபாட்டுக்குக் கணக்குப் போட்டது. நிறுத்தப் பார்த்தாள், முடியவில்லை. வாங்கி அடுத்தவர் கையில் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

"என்னம்மா, கணக்குத் தெரிஞ்ச ஆளே மண்ணு சுமக்குது?" என்றார் பக்கத்தில் நின்ற மர்ஜுக்கி.

"வேற என்ன பண்ணச் சொல்றீங்க?"

அவர் அடுத்த கூடையை அவளிடம் நீட்டினார்.

அன்று சாயங்காலம் ஓதம் ஏறியது. தண்ணீர் புது வாசல்படிக்கு ஒரு சாண் கீழேயே நின்று திரும்பியது. குழந்தைகள் கை தட்டினார்கள். உலர்ந்த தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, ஹர்ஜோனோ இரண்டு தட்டு சோறு சாப்பிட்டான். அவனை அவ்வளவு சந்தோஷமாக அவள் பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது.

மழைக்காலம் முடிந்தபோது மர்ஜுக்கி போன் செய்தார். அடுத்த தெருக்காரர்களும் மண் கொட்டப் போகிறார்களாம்.

"அவங்களுக்கும் எத்தன வருஷம் தாங்கும்னு தெரியணுமாம். வந்து ஒரு கோடு போட்டுச் சொல்லும்மா."

"சொல்லி என்ன ஆகப்போகுது, பாக்?"

"என்னமோ, கேக்கறாங்க."

பையில் மடக்கைத் தாள் இருக்கிறதா என்று பலூப்பி பார்த்துக்கொண்டாள். பிறகு, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றாள்.