கூட்டினால் எட்டு வரும் மதர்போர்டு

சரியான மதர்போர்டைக் கனகலட்சுமி கையில் எடுத்துவிட்டாள். அதைக் கீழே வைக்கச் சொன்னது அவள் புருஷன் காளைதான். அதற்காக அவனைக் கொடுமைக்காரன் என்று நினைத்துவிட வேண்டாம். யாருக்கும் கெடுதல் நினைக்காத ஆள். கெடுதல் எதுவும் வந்துவிடக் கூடாதே என்ற பயம் ஒன்றுதான் அவனுக்கு. அந்தப் பயத்தில் அவன் செய்துவைத்த காரியங்களால்தான் பாதிக் கெடுதல் வந்து சேர்ந்தது.

பழங்காநத்தத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். காளை வேலை பார்த்த டைல்ஸ் குடோனை மூடியதிலிருந்து குடும்பம் கனகலட்சுமியின் கம்ப்யூட்டரில்தான் ஓடியது. இனிமேல் கட்டப் போகிற வீட்டைக் கட்டி முடித்த மாதிரி படமாக்கிக் கொடுப்பது அவள் தொழில். வரைபடம் கையில் கிடைத்தால் போதும், வாசல் கோலத்திலிருந்து மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி வரை கண்முன்னால் கொண்டுவந்து விடுவாள். இன்ஜினியர் அனந்தராமன் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பை அவளிடம் ஒப்படைத்திருந்தார். உள்ளே நடந்து போய்ப் பார்ப்பது போல வீடியோவாக வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் பூமி பூஜை. வருகிறவர்களுக்குத் திரையில் போட்டுக் காட்ட வேண்டும்.

"இது மட்டும் நல்லா வந்துடுச்சுன்னா, இனிமே எங்க ஆபீஸ் வேலை எல்லாமே உங்களுக்குத்தாம்மா," என்று சொல்லியிருந்தார்.

இன்னொரு பக்கம் திருவாதவூரிலிருந்து மாமனார் சிவனாண்டி போன்மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார். வயக்காட்டைப் பார்க்க ஆளில்லை, மதுரையில் உட்கார்ந்து ரெண்டு பேரும் என்னத்தைச் சாதிக்கிறீர்கள் என்று. காளையும் முடிவாகச் சொல்லிவிட்டான். "இந்த வேலை அமைஞ்சா இங்கயே இருப்போம் லச்சுமி. இல்லன்னா ஊருக்குப் போயிருவோம். அய்யாவுக்குப் பதில் சொல்லி மாளல."

ஊருக்குப் போனால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அந்த வீட்டில் மருமகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தால் அதற்குப் பெயர் வேலை இல்லை, சும்மா இருப்பது. சும்மா இருக்கிறவளை யாரும் சும்மா விடமாட்டார்கள். இருபத்தொன்பது வயதில் தன் தொழிலைத் தலைமுழுக வேண்டிவரும்.

வீடியோவுக்கு ஆயிரக்கணக்கான படங்களைக் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றாக வரைந்து தள்ள வேண்டும். அவளிடம் இருந்த மலிவான பிராசஸர் போகிற போக்கில் போனால் வெள்ளிக்கிழமை இல்லை, அதற்கடுத்த வெள்ளிக்கிழமைகூட முடியாது. ஆனால் அந்தப் பிராசஸரில் ஒரு விஷயம் இருந்தது. சொன்ன வேகத்துக்கு மேல் முடுக்கி ஓட்டலாம். ஓவர்க்ளாக் என்பார்கள். பிராசஸர் உட்காரும் பலகையான அந்தப் பழைய மதர்போர்டு அதற்கு இடம் கொடுக்காது. அதனால்தான் சித்திரை வெயிலில் இருவரும் சிம்மக்கல்லில் சிவராம் என்பவரின் பழைய கம்ப்யூட்டர் சாமான் கடைக்கு மாடிப்படி ஏறினார்கள்.

"வேகத்தக் கூட்டுனா கரண்ட்ட அதிகமா இழுக்கும் மாமா," என்று அவள் படியிலேயே விளக்கினாள். காளை அவளுக்கு அத்தை மகன். "மோட்டார் எம்புட்டு நல்லதா இருந்தாலும் வயரு தாங்கணும்ல. அது மாதிரி கரண்ட்ட அளந்து குடுக்குற பாகம் போர்டுல இருக்கு. அது மேல கனமா அலுமினியக் கட்டி வச்சிருக்கணும். இல்லன்னா கொதிச்சுப் போயிரும்."

சிவராம் இரண்டு போர்டுகளை எடுத்து வைத்தார். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒன்று பார்க்கப் பளபளவென்று விளக்கெல்லாம் எரியும். அலுமினியக் கட்டி மட்டும் கிடையாது. மற்றதற்கு மூஞ்சி முகரை சுமார்தான், ஆனால் வேண்டிய இடத்தில் இரண்டு தடித்த கட்டிகள். கனகலட்சுமி யோசிக்காமல் இரண்டாவதை எடுத்தாள்.

"மேடம் எடுத்ததுதான் சரி. கண்ண மூடிக்கிட்டு ஓட்டலாம்," என்றார் சிவராம்.

காளை பெட்டியைத் திருப்பிப் பார்த்தான். மாடல் நம்பர் 710. அவன் உதடு அசைந்ததை அவள் கவனித்துவிட்டாள். ஐயோ என்றிருந்தது.

"எட்டு வருது லச்சுமி."

"மாமா, இது என்ன வண்டியா?"

"எட்டு வருதுல்ல. வேணாம்."

மதுரையில் எட்டுக்குப் பயப்படாத ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பைக் நம்பர், போன் நம்பர் எல்லாவற்றையும் கூட்டிப் பார்ப்பார்கள். ஆனால் காளையின் பயம் ஊரோடு ஒத்த பயம் இல்லை. அவன் தம்பி கருப்புக்குப் பைக் எடுத்துக் கொடுத்தவன் அவன்தான். நம்பரைக் கூட்டினால் எட்டு வருகிறதே என்று யாரோ சொன்னபோது சிரித்தவனும் அவன்தான். ஒத்தக்கடையைத் தாண்டி ஒரு லாரி அந்தச் சிரிப்பை நிறுத்திவிட்டது. அன்றிலிருந்து எட்டு வருகிற ஆட்டோவில்கூட அவன் ஏறுவதில்லை.

அவன் முகத்தைப் பார்த்தாள். உதட்டின் மேல் வேர்த்திருந்தது. "ஒனக்கு ஏதாச்சும் ஆகிப் போச்சுன்னா நான் என்ன செய்வேன்?" என்று மெதுவாகக் கேட்டான். மதர்போர்டால் என்ன ஆகும் என்று வாதாடியிருக்கலாம். ஆனால் செத்துப்போன தம்பியை நடுவில் வைத்துக்கொண்டு அவனை எதிர்த்துப் பேச அவளால் முடியாது. அடுத்த பெட்டியில் 540 என்று போட்டிருந்தது. கூட்டினால் ஒன்பது. காளைக்கு உயிர் வந்தது. புருஷன் பெண்டாட்டி விவகாரம் என்று ஒதுங்கி, சிவராம் பில் போட்டார்.

கொஞ்சம் மெதுவாக முடுக்கினால் தாங்கிவிடும் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். அன்று தாங்கவும் செய்தது. மறுநாள் வெயில் ஏறியதும் மாடி வீடு அடுப்பாகிவிட்டது. போர்டு சூடு தாளாமல், தானே பிராசஸரின் வேகத்தைப் பிடித்து இழுத்தது, பழைய வேகத்துக்கும் கீழே. நின்று ஆறும், ஓடும், மறுபடி சுணங்கும். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி டேபிள் ஃபேனை நேராக வைத்தாள். காளை பக்கத்தில் குத்தவைத்துப் பனைவிசிறியால் வீசினான். விளக்கு மட்டும் சிவப்பும் பச்சையுமாக அழகாக எரிந்துகொண்டிருந்தது. கை கடுத்தும் வீசுவதை அவன் நிறுத்தவில்லை. அவளுக்கு அவன்மேல் ஆத்திரமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

வியாழக்கிழமை மதியம் பாதிகூட முடியவில்லை. காளை விசிறியைக் கீழே போட்டான்.

"அந்த எட்டையே வாங்கிட்டு வாரேன்," என்றான்.

அவன் அப்படிச் சொல்வதற்கு என்ன பாடுபட்டிருப்பான் என்று அவளுக்குத்தான் தெரியும். கிளம்பிப் போனான். அவள் அந்த 540 போர்டைக் கழற்றத் திருப்புளியை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வெறுங்கையோடு வந்தான்.

"அன்னிக்கே வித்துப்போச்சாம். நம்ம படி எறங்குனோம், அடுத்தாப்புல வந்தவன் வாங்கிட்டுப் போயிட்டானாம்."

கனகலட்சுமி திருப்புளியை உள்ளே வைத்தாள். வெள்ளிக்கிழமை காலையில் அனந்தராமன் போன் செய்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட அடுத்த முறை என்று ஒன்று இருந்திருக்கும். "பரவால்லம்மா, வேற ஒருத்தர்கிட்ட பேசிக்கிறேன்," என்று மரியாதையாக வைத்துவிட்டார்.

மாதக் கடைசியில் சாமான்களைக் கட்டினார்கள். கம்ப்யூட்டரை ஒரு பழைய போர்வையில் சுற்றி அட்டைப்பெட்டியில் வைத்தாள். அங்கே போய் அதைப் பரணில்தான் போடுவார்கள் என்று தெரிந்தும் ஒயர்களை ஒழுங்காகச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டாள்.

திருவாதவூர் போவதற்குக் குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டி வந்து வாசலில் நின்றது. நம்பர் 3563. காளை அதன் முன்னால் போய் நின்றான். அவன் உதடு அசைந்தது. மாடிப்படியில் நின்ற கனகலட்சுமியும் கூட்டினாள். பதினேழு. ஒன்றும் ஏழும் எட்டு.

வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவான் என்று நினைத்தாள். அனுப்பட்டும் என்று ஆசையாகவும் இருந்தது. வேறு வண்டி வருகிற வரைக்குமாவது இந்த வீட்டில் இருக்கலாமே. தன் பிழைப்பைக் கெடுத்த அந்தப் பயம் இன்றைக்கு ஒருநாள் தனக்கு உதவினால் என்ன என்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காளை வண்டியைச் சுற்றிப் பின்னால் போனான். பின்கதவை அவனே இறக்கிவிட்டான்.

"ஏத்துங்கண்ணே," என்றான் டிரைவரிடம். "இனிமே என்னா இருக்கு."