பந்து கேட்கத் தெரியாதவன்

நான்காவது முறையும் பந்து டவரின் நெஞ்சில் பட்டுத் தரையில் இரண்டு தடவை துள்ளியது. பிறகு, கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு யாரும் திறக்காததால் திரும்பிப் போகும் ஆளைப் போல ஓரமாக உருண்டு போனது. அவன் குனிந்து எடுத்தான். ஆறடி ஒன்பது அங்குலம் குனிந்து நிமிர்வதற்குள் எதிரணி ஒரு கூடை போட்டுவிட்டு வந்துவிடலாம். எடுத்த பந்தைப் பனியனில் துடைத்து, இரண்டு கைகளாலும் ஏந்தி, நடந்தே வந்து என்னிடம் கொடுத்தான். தூக்கிப் போடக்கூட மாட்டான். "சாரிண்ணா" என்றான். தலையைக் கொண்டுபோய் எங்கே முட்டிக்கொள்வது என்றுதான் எனக்குக் குழப்பம். கூடைப்பந்து உள்ளரங்கில் நான்கு பக்கமும் சுவர் இருந்தது.

எனக்கு உயரம் ஐந்தடி ஆறு. அணியில் அவனுக்கு டவர் என்று பெயர், எனக்குப் பொடி. கோச் முதல் அரங்கைப் பெருக்குகிறவர் வரை எல்லோருக்கும் நான் பொடிதான். பல்கலைக்கழக அணித் தேர்வுக்கு மூன்றாவது முறையாகப் போகிறேன். இந்த வருடத்தோடு படிப்பு முடிகிறது, ஆகவே கடைசி முறையும் இதுதான். முதல் இரண்டு முறையும் தேர்வாளர்கள் என்னைப் பார்த்தார்கள் என்றே சொல்ல முடியாது. உயரமானவர்களைத் தேடும் பார்வை என் தலைக்கு மேலாகவே போய்விடுகிறது. இந்த முறை கோச் ஒரு வழி சொன்னார். என்னைப் பார்க்க வைக்க முடியாது, ஆனால் நான் போடுகிற பந்து எங்கே போய்ச் சேருகிறது என்று பார்க்க வைக்கலாம். ரிங்குக்கு அடியில் நிற்கும் பிவட் நன்றாக அமைந்துவிட்டால், அவனுக்குப் பந்து எங்கிருந்து வருகிறது என்று யாராவது தேடித்தானே ஆகவேண்டும். சொல்லிவிட்டு, இந்த வருடம் முதலாண்டில் சேர்ந்திருந்த டவரைக் கையால் காட்டினார். பந்தைப் பிடித்தால் போதும், எம்பாமலே ரிங்கில் வைத்துவிடுவான். பிடித்தால்.

கோச்சுக்கு முழங்கால் போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடிதான் பயிற்சி கொடுப்பார். காலையில் எந்த வீடியோவைப் பார்த்தாரோ அதுதான் அன்றைய முறை. முதல் வாரம் டவரைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்து, இரண்டு டென்னிஸ் பந்துகளை மாறி மாறி அடித்துப் பிடிக்கச் சொன்னார். ஒன்றுகூடத் தவறவில்லை. இரண்டாம் வாரம் கூடைப்பந்தில் சோப்புத் தண்ணீரைத் தடவிப் போட்டார். அதையும் பிடித்தான். தரையைத் துடைக்கச் சொல்லிப் பெருக்குகிறவர் எங்களைத் திட்டியதுதான் மிச்சம். மூன்றாம் வாரம் என் இடது மணிக்கட்டையும் அவனுடைய வலது மணிக்கட்டையும் துண்டால் சேர்த்துக் கட்டி ஓடவிட்டார். இருவருக்கும் ஒரே தாளம் வருமாம். பாதி நேரம் நான் காற்றில் இருந்தேன். தோள் கழன்று வராதது என் அதிர்ஷ்டம்.

தனியாகப் பிடித்தான். கோச் போட்டால் பிடித்தான். ஆட்டம் என்று ஆரம்பித்து நான் போட்டால் மட்டும் விட்டான். என்னைச் சுற்றி எப்போதும் நான்கைந்து தோள்கள், அவற்றுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. காடு மாதிரி. அந்தக் காட்டுக்குள் இருப்பவனுக்குக் குரல்தான் வழி. ரிங்குக்கடியில் ஆள் காலியாக இருக்கும் நேரம் ஒரு நொடி, மிஞ்சினால் ஒன்றரை. அந்த நேரத்தில் அவன் கத்த வேண்டும். ஆனால் டவர், பாத்ரூம் போக அனுமதி கேட்கிறவன் மாதிரிப் பாதிக் கையைத் தூக்கிக்கொண்டு ஏதோ முனகுவான். அது என் காதில் விழுந்து நான் பந்தைப் போடும்போது அவன் அங்கே இருக்கமாட்டான். அல்லது வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருப்பான், பந்து போய் நெஞ்சில் விழும். கூட ஆடுகிறவர்களுக்கு இது நல்ல பொழுதுபோக்கு. "டவர் இருக்கு, சிக்னல்தான் இல்ல" என்று யாராவது ஒருவன் தினமும் சொல்ல, தினமும் எல்லோரும் புதிதாகக் கேட்டதுபோலச் சிரிப்பார்கள். வாயைத் திறந்து கேளுடா என்று கோச் நாற்காலியிலிருந்து கத்துவார். டவர் தலையை ஆட்டுவான். அந்தத் தலையாட்டலைப் பார்த்தாலே எனக்கு ரத்தம் கொதிக்கும்.

தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது கோச்சிடம் வீடியோக்களும் தீர்ந்துபோயின. "சேர்ந்து சாப்பிடுங்க" என்றார். அவ்வளவுதான், அதுதான் அடுத்த பயிற்சி. நான் அக்கா வீட்டில் தங்கிப் படிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் டவரை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். அவன் உட்கார்ந்ததும் முழங்கால் பட்டு மேஜை ஒரு பக்கம் எழும்பியது. மாமா தன் தட்டைப் பிடித்துக்கொண்டார்.

அக்காவுக்கு ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் வேலை. எட்டு மணி நேரமும் காதில் போன். வீட்டில் பேசும்போதும் பாதி வாக்கியத்திலேயே விஷயத்தைப் பிடித்துக்கொண்டு மீதியை வெட்டிவிடுவாள். அன்று அவள் டவரையே கவனித்துக்கொண்டிருந்திருக்கிறாள், நான் கவனிக்கவில்லை. தண்ணீர் ஜாடி என் கைப்பக்கம் இருந்தது. அவன் அதைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான், மறுபடி ஜாடியைப் பார்த்தான். அவன் கையை நீட்டினால் பக்கத்து வீட்டு ஜாடியையே எடுத்துவிடலாம். ஆனால் நான் வாயில் இருந்ததை மென்று முடிக்கும்வரை காத்திருந்தான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "அண்ணா, ஒரு நிமிஷம், அந்தத் தண்ணிய கொஞ்சம் இப்படிக் குடுக்கறீங்களாண்ணா" என்றான்.

அக்கா சிரித்துவிட்டாள். "நீ கேட்டு முடிக்கறதுக்குள்ள தாகமே அடங்கிடும்டா தம்பி. எனக்கு தெனம் இதே கதைதான். அங்க ஆள் மூச்சு வாங்கிக்கிட்டுக் கிடப்பாரு. போன் பண்றவங்க, வணக்கம் மேடம், நல்லா இருக்கீங்களா, தொந்தரவுக்கு மன்னிக்கணும்னு ஆரம்பிப்பாங்க. அட்ரஸ் வர்றதுக்குள்ள எனக்கு உயிர் போயிடும்." அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "உனக்கு எதுக்குடா இவ்வளவு மரியாதை? இந்த வீட்ல யாரும் தர்றதில்லயே."

"அண்ணன்தான் சொன்னாருக்கா" என்றான் டவர், குற்றமாக இல்லாமல், ஒரு தகவலாக. "மொத நாளே சொல்லிட்டாரு."

மாமா தட்டிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் என் தட்டைப் பார்த்தேன்.

நான் அப்படிச் சொன்னது உண்மைதான். அவன் அணிக்கு வந்த முதல் நாள், ரிங்குக்கடியில் நின்றபடி, மற்றவர்கள் கூப்பிடுவதைக் கேட்டு அவனும், "டேய் பொடி, இங்க போடுறா" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். நான் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆட்டத்தை நிறுத்தினேன். அவன் முன்னால் போய்க் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்து, பொடி என்று கூப்பிட நீ யார், நான் உனக்கு இரண்டு வருடம் சீனியர், அண்ணா என்று சொல்லிப் பழகு என்றேன். பிறகு ஒரு வாரம் அவனுக்கு ஒரு பந்துகூடப் போடவில்லை. நான் போடாததைப் பார்த்து மற்றவர்களும் போடவில்லை. இப்போது, அக்காவின் மேஜையில் உட்கார்ந்துகொண்டு யோசிக்கையில், அந்த முதல் நாள் குரல் எனக்கு மிகத் தெளிவாகக் கேட்டது. சரியான இடத்திலிருந்து, சரியான நேரத்தில், தோள்களையெல்லாம் தாண்டி வந்த குரல். அன்று பந்தைப் போட்டிருந்தால் கூடைதான். அவனுக்குக் கேட்கத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் வந்தான். மூன்று வாரமாகக் கோச் டென்னிஸ் பந்தும் சோப்பும் துண்டும் வைத்துத் தேடிக்கொண்டிருந்தது, நான் பிடுங்கி வைத்திருந்த ஒரு சொல்லைத்தான்.

பேருந்து நிறுத்தம்வரை அவனோடு நடந்தேன். நாளை முதல் மைதானத்தில் டா போட்டே கூப்பிடு என்றேன். சரிங்கண்ணா என்றான். அண்ணா வேண்டாம், டா என்றேன். சரிங்க என்றான். இப்போதே ஒரு தடவை சொல்லிப் பார் என்று நின்றேன். அவன் வாயைத் திறந்தான், மூடினான், எதிரே இருந்த பூட்டிய கடையின் பெயர்ப்பலகையை முழுவதும் படித்தான். "வாய் வரலண்ணா." எனக்குக் கோபம் வந்தது. நான் கத்தக் கத்த அவன் மரியாதை ஏறிக்கொண்டே போனது. மன்னிச்சிருங்கண்ணா, கோவிச்சுக்காதீங்கண்ணா என்று ஒரு வாக்கியத்தில் இரண்டு அண்ணா. ஒருவனை மரியாதை இல்லாமல் பேசு என்று அதட்டி வழிக்குக் கொண்டுவர முடியாது என்பது எனக்கு அந்த நடைபாதையில்தான் புரிந்தது.

நான் ஓய்ந்ததும் அவன் பேசினான். "அந்த ஒரு வாரம் நான் நின்ன எடத்துலயே நின்னேண்ணா. யாருமே பந்து போடல. ரூமுக்குப் போய் அழுதேன். அதுக்கு அண்ணான்னு சொல்லிட்டுப் போறதே பரவால்லன்னு தோணிச்சு."

பேருந்து வந்துவிட்டது. அவன் தலையைக் குனிந்து ஏறினான். மன்னித்துவிடு என்று சொல்லத்தான் ஜன்னலோரம் ஓடினேன். வாயிலிருந்து வந்தது, நாளைக்கு ஆறு மணிக்கு வந்துவிடு என்பதுதான்.

மிச்சமிருந்த நாட்களில் ஒன்றும் மாறவில்லை. அவன் அண்ணாவை விட்டான், ஆனால் அந்த இடத்தில் வேறு எதையும் வைக்கவில்லை. மொத்தமாக ஊமையாகிவிட்டான். இதற்கு அந்த அண்ணாவே மேல் என்று நினைத்தேன்.

தேர்வு ஆட்டத்தன்று மூன்று தேர்வாளர்கள் நீண்ட மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். முதல் பாதியில் டவர் எடுத்தது இரண்டே புள்ளிகள், அதுவும் ரிங்கில் பட்டுத் தானாக அவன் கையில் வந்து விழுந்த பந்து. கோச் தன் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். எனக்குப் பயம் வந்துவிட்டது. மூன்று வருடமும் யார் கண்ணிலும் படாமலே போகப்போகிறது என்ற பயம். இரண்டாம் பாதி தொடங்கியதும் நானே கூடைக்குப் போட ஆரம்பித்தேன். என்னைவிட ஒரு அடி உயரமான இரண்டு பேரைத் தாண்டி எம்பி எறிந்தேன். தட்டி விட்டார்கள். மறுபடி எறிந்தேன். மறுபடியும் தட்டி விட்டார்கள். இரண்டு தடவையும் டவர் ரிங்குக்கடியில் காலியாக, கையைத் தூக்கியபடி நின்றிருக்கிறான். மூன்றாவது முறை நான் எம்பப் போகும்போது அது வந்தது.

"டேய் பொடி, கண்ணு தெரியலயா உனக்கு? எவ்வளவு நேரம்டா நிக்கறது நானு?"

அரங்கம் முழுக்க எதிரொலித்தது. தேர்வாளர்கள் மூவரும் நிமிர்ந்தார்கள். நான் யோசிக்கவே இல்லை, குரல் வந்த திசைக்குப் பந்து போய்விட்டிருந்தது. யாருக்கும் எட்டாத உயரத்தில் அவன் விரல்கள் அதை வாங்கி, அலமாரியில் டப்பாவை வைப்பதுபோல உள்ளே வைத்தன. அதற்குப் பிறகு அவனை நிறுத்த முடியவில்லை. மேல போடு என்றான். லேட்டுடா என்றான். தூங்கிட்டியா என்றான். ஒரு நல்ல பந்தைப் பிடித்துக் கூடையிலும் போட்டுவிட்டு, திரும்பி ஓடும்போது, இதை அப்பவே போட்டிருக்கலாம்ல என்றான். நடுவரைக்கூட ஏதோ கேட்டு எச்சரிக்கை வாங்கினான். எனக்கு நாக்கு அரித்தது. பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, யாரைப் பார்த்து என்ன பேசுகிறாய் என்று கேட்க, அந்த நிலையிலும், எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை. போட்டுக்கொண்டே இருந்தேன். ஆட்டம் முடிந்தபோது அவன் கணக்கில் பதினெட்டுப் புள்ளிகள்.

முடிந்ததும் உயரம் அளக்க டவரை மட்டும் கூப்பிட்டார்கள். அணிக்கு எடுக்கப்போகிறவர்களைத்தான் அளப்பார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்து, ஏற்கெனவே கட்டியிருந்த ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டினேன். கோச் என் பக்கம் பார்க்காமல் இருப்பதில் கவனமாக இருந்தார். டவரைச் சுவரோடு நிற்க வைத்து, தேர்வாளர்களில் ஒருவர் நாற்காலிமேல் ஏறி, தலையில் அடிக்கோலை வைத்துப் பென்சிலால் கோடு போட்டார். பக்கத்திலேயே அவன் பெயரையும் எழுதிவிட்டு, போகலாம் என்றார். அவன் போகவில்லை.

"இவனையும் அளந்துக்கங்க சார்" என்றான் என்னைக் காட்டி.

இவனை எதற்கு என்று அவர் கேட்டார்.

"பந்து போட்டது இவன்தான் சார். லேட்டாதான் போடுவான். ஆனா போடுவான்."

மேஜையில் இருந்த மற்ற இருவரும் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். பென்சில் வைத்திருந்தவர் அவர்களைப் பார்த்தார், பிறகு நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டு, வந்து நில் என்று எனக்குக் கைகாட்டினார். சுவர் ஜில்லென்று இருந்தது. அடிக்கோல் உச்சந்தலையில் அழுந்தியது. குதிகாலை இறக்கு என்றார். அது மேலே இருந்தது எனக்கே தெரியாது. இறக்கினேன். தலைமுடியை உரசிக்கொண்டு பென்சில் போனது.

விலகித் திரும்பிப் பார்த்தேன். மேலே டவரின் கோடு, அதன் பக்கத்தில் அவன் பெயர். கீழே என் கோடு. நடுவில் ஒன்றேகால் அடி வெறும் சுவர். அவர் என் பெயரைக் கேட்கவில்லை. என் கோட்டின் நுனியில் பென்சிலை ஊன்றி, எழுதலாமா என்பதுபோல மேஜையில் இருந்தவர்களைப் பார்த்தபடி, அதை அதே இடத்தில் விரல்களால் திருகிக்கொண்டிருந்தார். வெள்ளைச் சுவரில் ஒரு சின்னக் கரும்புள்ளி மெல்ல மெல்லப் பெரிதாகிக்கொண்டிருந்தது.