இடது பக்கம் உள்ளே, வலது பக்கம் வெளியே

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பவளுக்குத் தலைமுடி என்று ஒன்று இருப்பது கடையில் யாருக்கும் சரியாகத் தெரியாது. இயந்திரத்துக்கு முன்னால் நிற்கிற வேலை என்பதால் அதை இழுத்துக் கட்டி, கொண்டை போட்டு, மேலே ஒரு துணித் தொப்பியையும் மாட்டிக்கொள்வாள். தொப்பிக்குள் இருந்தது சுருட்டை முடி. உள்ளே போன சீப்பு முழுசாகத் திரும்பி வரும் என்று சொல்ல முடியாத சுருட்டை.

முன் கவுண்டரில் நின்ற பெண் வேலையை விட்டுப் போனதும் முதலாளி பின்னறைக்கு வந்தார்.

"திங்கட்கிழமை முன்னாடி நின்னு பாருங்க. சரியா வந்தா அப்படியே வச்சுக்கலாம்" என்றார். போகிற போக்கில் தன் தலையைச் சுற்றிக் கையை ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். "இதை மட்டும் கொஞ்சம் அடக்கிட்டு வாங்க."

அவள் தலையாட்டினாள். பிறந்ததிலிருந்து அதை அடக்குவதைத் தவிர வேறென்ன செய்திருக்கிறாள்?

முன்னால் நிற்க வேண்டும் என்று தனக்கு இத்தனை ஆசை இருந்தது அவளுக்கே புதிய செய்தி. யாராவது கேட்டிருந்தால், "எனக்கு மெஷின் போதும்பா" என்றுதான் சொல்லியிருப்பாள். அந்த ஆசை எங்கேயோ ஓர் இழுப்பறையில், துடைக்கும் துணிக்கு அடியில் இத்தனை நாள் சத்தம் போடாமல் கிடந்திருக்கிறது. முதலாளியின் கண்ணாடியும் கவுண்டர் இழுப்பறையில் அப்படித்தான் கிடந்தது. நல்ல பவர் உள்ள கண்ணாடி, அவளே தேய்த்துக் கொடுத்தது. ஊருக்கெல்லாம் கண்ணாடி விற்கிறவர் தான் மட்டும் போட மாட்டார். போட்டால் வயசானவர் மாதிரி தெரியுமாம். அதனால் வாசலில் நிற்கும் விளம்பர அட்டைப் பெண்ணுக்கு அவ்வப்போது வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே வருவார்.

வாரக் கடைசியில் அவள் ரோலர்கள் வாங்கினாள். சூடு வைத்து இழுக்கிற கருவியை முன்பு ஒரு தடவை முயன்றதில் வீடே தீய்ந்த வாசனை அடித்து, அடுத்த வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "அடுப்புல ஏதாவது மறந்துட்டீங்களா?" என்று அக்கறையாக விசாரித்துவிட்டுப் போனார். ரோலருக்குச் சூடு வேண்டாம். ஈர முடியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஜெல் தடவி, இறுக்கமாகச் சுற்றி, கிளிப் போட்டு, நன்றாகக் காயவிட்டால் போதும். சுருள் பெரிதாகி, அலை அலையாக விழும். பெட்டியின் மேல் இருந்த பெண் அப்படித்தான் சிரித்தாள். அந்தப் பெண்ணுக்கு நாத்தனார் இல்லை போலிருக்கிறது.

இவளுக்கு இருந்தாள். கணவனின் அக்கா, திரைச்சீலை தைக்கிறவள், பக்கத்துக் கட்டடத்தில் குடியிருப்பவள். இந்த வீட்டுச் சாவி ஒன்று அவளிடமும் உண்டு. அவசரத்துக்கு என்று கொடுத்தது. அவளுக்குத் தினமும் ஏதாவது அவசரம்.

ஞாயிறு மதியம் தலைக்குக் குளித்துவிட்டு, கூடத்தில் மேசை விசிறிக்கு முன்னால் உட்கார்ந்து, இடது பக்கத்தில் பாதியை முடித்திருந்தபோது கதவு திறந்தது.

"இது என்ன கோலம்?" என்றாள் நாத்தனார்.

"ரோலர், அண்ணி. நாளைக்கு முன் கவுண்டர்ல நிக்கணும்."

"அதுக்கு இவ்வளவு கஷ்டமா? எண்ணெய் வச்சுப் படிய வாரிட்டுப் போனா போச்சு."

"இந்த முடி படியாது, அண்ணி."

"முடி படியும். ஆள் படியணும்" என்று சொல்லிக்கொண்டே நாத்தனார் பையைக் கீழே வைத்தாள். ஒருவரைக் குத்திக் காட்டுவதும் அவருக்கு உதவி செய்வதும் அவளுக்கு ஒரே வேலை. தனித்தனியாகச் செய்து நேரத்தை வீணாக்க மாட்டாள். "நகரு. வலது பக்கம் நான் சுத்தறேன். உனக்குக் கை எட்டாம மூக்குல ஜெல் பூசிட்டிருக்க."

வேண்டாம் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தை கல்யாணமான நாளிலிருந்து தொண்டைக்குள்ளேயே குடியிருந்தது, வாடகை கொடுக்காமல். அவள் நகர்ந்து உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் வேலை ஒழுங்காக நடந்தது. நாத்தனாரின் விரல்கள் துணியைப் பிடிப்பதுபோல முடியைப் பிடித்தன. வலித்தது, ஆனால் நேர்த்தியாக இருந்தது. அப்போதுதான் நாத்தனார் கேட்டாள்:

"நீ முன்னாடி போயிட்டா வீட்டுக்கு வர எவ்வளவு நேரமாகும்?"

"கடை மூடிட்டுத்தான்."

"அப்ப என் தம்பி சாப்பாடு?"

சன்னலோரமாக உட்கார்ந்து கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்த தம்பி, பேச்சு தன் பக்கம் வருவதை உணர்ந்து இன்னும் தீவிரமாகத் தடவினான்.

"உங்க தம்பிக்குக் கை ரெண்டும் நல்லாத்தானே இருக்கு, அண்ணி" என்றாள் அவள்.

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது தெரிந்தது. விசிறி மட்டும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு இரண்டு பெண்களும் பேசவில்லை. நாத்தனார் எழுந்தும் போகவில்லை. எடுத்த வேலையைப் பாதியில் விடுகிறவள் இல்லை அவள். இருவரும் ஆளுக்கொரு பக்கமாக, ஒரே தலையில், இரண்டு வீட்டுக்காரிகள் மாதிரி வேலை பார்த்தார்கள். கூடத்தில் நிலைக்கண்ணாடி கிடையாது. கடைசி கிளிப்பைப் போட்டதும் நாத்தனார் ஒரு துணியால் தலையை இறுக்கிக் கட்டி, பையை எடுத்துக்கொண்டு, கதவை மட்டும் கொஞ்சம் பலமாகச் சாத்திவிட்டுப் போனாள்.

காலையில் குளியலறைக் கண்ணாடியின் முன்னால் ஒவ்வொரு ரோலராகக் கழற்றினாள். இடது பக்கம் அழகாக, உள்பக்கமாக வளைந்து கன்னத்தைத் தொட்டது. அவள் கொஞ்சம் சிரித்தும்விட்டாள். பிறகு வலது பக்கத்தைக் கழற்றினாள். அது அதைவிட அழகாக, வெளிப்பக்கமாக வளைந்து, யாரையோ வழியனுப்புவதுபோலத் தோளுக்கு மேலே கை காட்டியது.

கணவன் வாசலில் வந்து நின்றான்.

"அக்கா வெளிப்பக்கமா சுத்துறாங்கன்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றான்.

"சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா ரெண்டு பேரும் ராசியாகி என்னைத் திட்டுவீங்க."

மறுபடி நனைத்துக் காயவைக்க நேரமில்லை. கொண்டை போடப் பார்த்தாள். ஜெல் பூசிய முடி கொண்டைக்குள் அடங்க மறுத்து நாலு பக்கமும் எட்டிப் பார்த்தது. அப்படியே கிளம்பினாள்.

பின்னறையில் சுவர்தான் உண்டு. முன் கவுண்டரில் திரும்பிய பக்கமெல்லாம் கண்ணாடி. எல்லாவற்றிலும் அவளே நின்றாள், ஒவ்வொன்றிலும் பாதி வீட்டுக்குள் வருகிறவளாக, பாதி வெளியே போகிறவளாக. இதைப் பார்க்கத்தானா இத்தனை நாள் ஆசைப்பட்டோம் என்று நினைத்தாள். ஆனால் பின்னறைக் கதவு திறந்தே இருந்தும், தொப்பி ஆணியில் தொங்குவது இங்கிருந்தே தெரிந்தும், கால் அந்தப் பக்கம் நகரவில்லை. அது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

கண் பரிசோதிக்கிறவர் அவளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பார்த்தார். தொழில் பழக்கத்தில், "முதல்ல காட்டினது நல்லா இருக்கா, ரெண்டாவதா?" என்றார்.

"நீங்களே சொல்லுங்க."

"ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்குன்னு சொல்லிட்டுப் போறவங்கதான் நிறைய" என்று சொல்லிவிட்டுத் தன் இருட்டு அறைக்குள் போய்விட்டார்.

முதலாளி வந்தார். அட்டைப் பெண்ணுக்கு வணக்கம் சொன்னார். பிறகு கவுண்டர் பக்கம் திரும்பி, கண்ணை இடுக்கி, நின்று பார்த்தார்.

"ஆங், இதுதான். இதைத்தான் சொன்னேன். ரொம்ப அடக்கமா இருக்கு. தினமும் இப்படியே வாங்க."

தினமும். அவள் கண்முன்னே வாழ்க்கை முழுக்கத் திறந்தது: ஒவ்வொரு மாலையும் விசிறி, ஜெல், இடது பக்கம் அவள், வலது பக்கம் நாத்தனார், நடுவில் தம்பியின் சாப்பாடு. வேலை கிடைத்துவிட்டது, உண்மைதான். ஆனால் கிடைத்தது யாருக்கு? இவர் பார்த்தது ஒரு மங்கலை. அந்த மங்கலுக்கு வேலை கொடுத்துவிட்டார். அதுவும் அட்டைப் பெண்ணும் சேர்ந்து கடையை நடத்தலாம்.

பேசாமல் இருந்தால் வேலை நிலைக்கும். அவளுக்கு அது நன்றாகவே தெரிந்தது. தெரிந்துகொண்டேதான் இழுப்பறையைத் திறந்தாள். துணிக்கு அடியிலிருந்த கண்ணாடியை எடுத்து, துடைத்து, நீட்டினாள்.

"போட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க, சார்."

"இப்ப எதுக்கு? ஆளுங்க வர்ற நேரம்."

"என்னை முன்னாடி நிக்க வைக்கிறீங்க. ஒரு தடவை சரியா பாத்துடுங்க."

வாசலில் ஒரு அம்மா தன் மகளோடு நுழைந்துகொண்டிருந்தாள். அவர்களுக்கு முன்னால் பேச்சு வளர்க்க முடியாமல் முதலாளி கண்ணாடியை வாங்கி மாட்டினார். பார்த்தார். இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். வாய் மெல்லத் திறந்தது.

"என்னம்மா இது, ரெண்டு பக்கமும் வேற வேற மாதிரி இருக்கு?"

"ஆமா சார். உள்ள வரும்போதே இப்படித்தான் இருந்துச்சு."

அவர் அடுத்த வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தபோது, வந்த மகள் அம்மாவின் கையை இழுத்தாள்.

"அங்க பாரும்மா, அவரே போட்டிருக்கார். எனக்கு அவர் போட்டிருக்கற மாதிரி ஃபிரேம்தான் வேணும். ரொம்ப நல்லா இருக்கு."

முதலாளி பக்கத்துக் கண்ணாடியில் தன்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, யாரும் கவனிக்கவில்லை என்ற நினைப்பில், இன்னொரு பார்வை. கழற்றப்போன கை காதோரமே நின்றுவிட்டது.

"எடுத்துக் காட்டுங்க அவங்களுக்கு" என்றார். முடியைப் பற்றிய மிச்சத்தை அவர் சொல்லவே இல்லை.

மாலையில் நாத்தனார் தன் சாவியால் திறந்துகொண்டு வந்தபோது அவள் தலைக்குக் குளித்துவிட்டு வந்திருந்தாள். நாத்தனார் ரோலர் பெட்டியைத் தேடி எடுத்து, வலது பக்கமாக வந்து உட்கார்ந்தாள்.

"வேண்டாம், அண்ணி" என்றாள் அவள். வாடகை கொடுக்காமல் இருந்த வார்த்தை ஒருவழியாகக் காலி செய்துவிட்டது.

"அப்ப நாளைக்கு எப்படிப் போவ?"

"இப்படியேதான்."

நாத்தனார் அந்த ஈரச் சுருட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "வலது பக்கம் நான் சுத்தினதுதான் நல்லா இருந்துச்சுன்னு யாராவது சொன்னாங்களா?"

"கண் பாக்கிறவர் ரெண்டும் ஒண்ணுதான்னார்."

"அவருக்கு என்ன தெரியும்" என்று நாத்தனார் பெட்டியைத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் அவள் அத்தனை சுருளோடும் கவுண்டரில் நின்றாள். முதலாளி கண்ணாடியோடு வந்தார். அட்டைப் பெண்ணைத் திரும்பிப் பார்க்காமல் கடந்தார். அவள் முன்னால் வந்து நின்றார்.

"நேத்து மாதிரி இல்லையே?"

"நேத்து ரெண்டு மாதிரி இருந்துச்சு சார். இன்னைக்கு ஒரே மாதிரி."

அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். முடி அப்படியேதான் இருந்தது.

"சரி" என்றார். "நேத்து அந்தப் பொண்ணு கேட்ட ஃபிரேம்ல இன்னும் பத்து வரவழைங்க."