ஒன்பதாம் வீட்டுத் தளம்

ஆண்டறிக்கையின் முதல் வரியை மோகனா மூன்று முறை எழுதிப் பார்த்திருந்தாள். மூன்றிலும் ஒரே எண்தான்: பன்னிரண்டு. பன்னிரண்டு குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் வீடு கட்டும் சங்கம். போன தையில் வேலிகாத்தான் முள் மண்டிக் கிடந்த மேட்டில், இந்தத் தைக்குள் பன்னிரண்டு வீடுகள் எழும்பிவிட்டன. சங்கத்தின் செயலாளர் அவள். ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் வேலை முடிந்து பஸ் இறங்கியதும், வீட்டுக்குப் போகாமல் நேரே இந்த மேட்டுக்குத்தான் வருவாள்.

சங்கத்தின் விதிகளில் எல்லோருக்கும் மனப்பாடமான விதி ஒன்று உண்டு. கலவைக்கு இங்குள்ள போர் தண்ணீர் ஆகாது. தோல் பதனிடும் டேனரிகளின் கழிவு இறங்கி இறங்கி நிலத்தடி நீர் உப்பாகிவிட்ட பகுதி இது. மலையடிவாரத்துக் கிணற்றிலிருந்து லாரியில் வரும் தண்ணீரில்தான் கட்ட வேண்டும்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒன்பதாம் வீட்டுக்கு மேல்தளம் போட்டுக்கொண்டிருந்தபோது பாதியிலேயே தண்ணீர் தீர்ந்தது. லாரி வழியில் அச்சு முறிந்து நின்றுவிட்டது.

"இப்ப நிறுத்தினா தளம் ஒண்ணாச் சேராது. வெயிலு வேற கொளுத்துது. இன்னா பண்றது, சீக்கிரம் சொல்லும்மா," என்றார் கொத்தனார் பஞ்சாட்சரம்.

மோகனா போர் மோட்டாரைப் பார்த்தாள். "போடுங்க," என்றாள்.

ஐப்பசி மழைக்குப் பிறகு, அந்த வீட்டின் பின்னறை மூலையில் தளத்திலிருந்து சுவரில் வெள்ளையாக ஒரு கோடு இறங்கியது. பஞ்சாட்சரம் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு அடித்தார். கார்த்திகையில் மறுபடி பூத்தது.

"வெளிய உப்பு பூக்கிறது பெருசில்லம்மா. உள்ள கம்பி துருப்பிடிக்குமே, அதான் பேஜாரு. எத்தினி வருசம் தாங்கும்னு என்னால சொல்ல முடியாது."

அந்தப் பேச்சு அவர்கள் இருவரைத் தாண்டிப் போகவில்லை.

தையில் பொதுக்கூட்டத்தன்று, யாருக்கு எந்த வீடு என்ற குலுக்கலுக்கு முன்பு எல்லோரும் வீடுகளைச் சுற்றிப் பார்த்தார்கள். பூவம்மாள் ஒவ்வொரு வீட்டிலும் அடுப்படியில் கொஞ்ச நேரம் நின்றாள். பதினாறு வருடமாக டேனரியில் தோலிலிருந்து உப்பை உதறும் வேலை அவளுக்கு. விரல் இடுக்குகள் எப்போதும் வெடித்தே இருக்கும்.

"இன்னாக்கா, இப்பவே அடுப்பு பத்த வெச்சிடுவ போலகீது!" என்று பின்னால் வந்த ஒருத்தி சீண்டினாள்.

"வெச்சா மொத டீ உனக்குத்தான்டி. சக்கர மட்டும் கம்மியாப் போடுவேன்."

ஒன்பதாம் வீட்டில் பூவம்மாள் மூலைக்குப் போனாள். சுண்ணாம்பை மீறிப் பொரிந்திருந்த வெள்ளையை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். திரும்பி மோகனாவைப் பார்த்தாள். விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு பத்தாம் வீட்டுக்கு நடந்தாள்.

எவர்சில்வர் குடத்தில் பன்னிரண்டு பெயர்ச் சீட்டுகள் விழுந்தன. அதில் ஒன்று மோகனாவுடையது. யாராவது ஒருத்தருக்கு ஒன்பது விழும். தனக்கு விழாமலும் போகலாம். அப்படி நினைத்ததும் மனதில் ஒரு நிம்மதி எட்டிப் பார்த்தது. அந்த நிம்மதியைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

எழுந்து அறிக்கையைப் படித்தாள். "இந்த ஆண்டில் சங்கம் பதினோரு வீடுகளைக் கட்டி முடித்தது."

"பன்னெண்டும்மா," என்று திருத்தினார் தலைவர் கோதண்டபாணி.

"பதினொண்ணுதான் சார். ஒம்பதாவது வீட்டுத் தளத்த இடிக்கணும்."

நடந்ததைச் சொன்னாள். பஞ்சாட்சரம் தலை குனிந்து நின்றார்.

"ஒம்பது மாசமா வாயில இன்னா வெச்சினு இருந்த?" என்றது ஒரு குரல். "அதுல எங்க புள்ளைங்க படுத்திருக்கும்ல?"

மோகனா குடத்தில் கையை விட்டு, தன் பெயர் எழுதிய சீட்டைத் தேடி எடுத்தாள். "ஒம்பதாவது ஊடு எனக்கு. அது திரும்பக் கட்டுற வரைக்கும் நான் வாடகை ஊட்லயே இருந்துக்கிறேன்."

வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. பூவம்மாள்தான் கேட்டாள்: "அறிக்கையில எழுதிட்டியா?"

"பன்னெண்ட அடிச்சிப் பதினொண்ணுன்னு போட்டுட்டேங்க்கா."

"அது பத்தாது. எந்தத் தண்ணி, யாரு ஊத்தச் சொன்னதுன்னும் எழுது. அடுத்த வருசம் செயலாளரா வேற ஒருத்தி வருவா. அவ படிக்கணும்."

மோகனா உட்கார்ந்து எழுதினாள். போர் தண்ணீர். செயலாளர் சொன்னதன் பேரில்.

அவள் எழுதி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, கோதண்டபாணி பதினோரு சீட்டுகள் கிடந்த குடத்தைக் குலுக்கினார்.