மூடியைத் திறக்கும் முன்

"கொப்பி நெறைய எழுதி வச்சிருக்கியே, அதுல ஒன்னையாவது வாயத் தொறந்து சொன்னா என்னம்மா?"

ஜெயகாந்தன் சேர் இதைக் கேட்டபோது ரினோஸா தரம் பத்தில் இருந்தாள். விஞ்ஞான பாடம். பதில் அவள் கொப்பியில் இருந்தது. சேர் அந்தக் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்டார். திட்டவில்லை, சிரித்த முகமாகத்தான் கேட்டார். ஆனால் நாற்பது பிள்ளைகளும் சேர்ந்து சிரித்தார்கள். ரினோஸா எழுந்தாள், வாயைத் திறந்தாள், காற்று மட்டும்தான் வந்தது. மறுநாள் அவளுக்குக் காய்ச்சல். காய்ச்சல் விட்ட வாரம் கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள். பூட்டியது மறுபடி திறந்தபோது அவள் போகவில்லை. அன்று சேர் திருத்துவதற்காக எடுத்துப்போன கொப்பியும் அவரிடமே தங்கிவிட்டது.

ஐந்து வருடமாக அவள் இருக்கும் இடம், மஸ்கெலியா டவுன் பஸ் நிலையத்துக்குக் கீழே உள்ள வாப்பாவின் மோட்டார் உதிரிப்பாகக் கடை. கடைக்குப் பின்னால் அவள் மூத்த சகோதரன் இர்ஷாத் நானாவின் கராஜ். இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன ஜன்னல். சாமான் கேட்டு வருகிறவர்கள் பெயரைச் சொன்னால் எடுத்துக் கொடுப்பாள். அதற்குப் பேச்சே தேவையில்லை. மேசை லாச்சிக்கு அடியில் ஒரு தடித்த சீஆர் கொப்பி வைத்திருந்தாள். எந்த வண்டி வந்தது, என்ன சத்தம் போட்டது, யார் என்ன சொன்னார்கள், மழை எப்போது பிடித்தது, எல்லாம் அதில் ஏறும். அது சாமான் கணக்கு என்று இர்ஷாத் நினைத்துக்கொண்டிருந்தான். அவளும் அப்படியே விட்டுவிட்டாள்.

ஜெயகாந்தன் சேர் இப்போது ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனில் உள்ள பள்ளிக்கூடத்துக்கு அதிபர். அங்கேயே குவாட்டர்ஸில் குடியிருக்கிறார். அவரிடம் சாம்பல் நிற மொரிஸ் மைனர் ஒன்று இருந்தது, அவரைவிட வயதில் மூத்தது. போன நவம்பரில் அதன் பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு, அடிபட்ட ஒரு ஜப்பான் காரின் எஞ்சினை இர்ஷாத் அதற்குள் இறக்கிக் கொடுத்தான். கிழவனுக்கு இளந்தாரியின் நெஞ்சை வைத்துத் தைத்த கதைதான். கார் ஏற்றத்தில் குதிரை மாதிரி ஏறியது. இர்ஷாத்தும் அதைப் பற்றிப் பேசாத நாளில்லை.

சேர் அந்த வேலையைச் செய்வித்தது ஆசைக்காக அல்ல. மேல் டிவிசனுக்கும் டிக்கோயா ஆஸ்பத்திரிக்கும் நடுவில் ஒன்றரை மணி நேரப் பாதை. மூன்று வருடத்துக்கு முன்பு அவர் மனைவி சுலக்ஷனாவைப் பிரசவத்துக்குத் தோட்டத்து லொறியில்தான் கொண்டுபோனார்கள். லொறி பாதி வழியில் நின்றது. அந்தப் பிள்ளை தங்கவில்லை. இப்போது அவள் மறுபடி முழுகாமல் இருந்தாள். மே மாதக் கடைசி என்று நாள் குறித்திருந்தார்கள்.

மார்ச் மாதத்தில் கார் நிற்க ஆரம்பித்தது.

எங்காவது நின்றாலும் பரவாயில்லை, சொல்லி வைத்தாற்போல ஏற்றத்தில் நின்றது. டவுனிலிருந்து புறப்பட்டு முக்கால் மணி நேரம் நன்றாகப் போகும். பிறகு இழுவை குறையும், இருமும், கோயில் வளைவுக்கோ பழைய ஸ்டோருக்கோ பக்கத்தில் படுத்துவிடும். கோயில் வளைவில் வீடுள்ள செல்லசாமி ஒவ்வொரு முறையும் வந்து தள்ளிக் கொடுப்பார். "பெற்றோல் ஊத்துற காசுக்கு எனக்கு ரெண்டு வடை வாங்கிக் குடுங்க சேர், நானே வீடு வரைக்கும் தள்ளிட்டு வந்துர்றேன்" என்று அவர் சொன்னது டவுன் வரை வந்து சேர்ந்தது. சிரித்தவர்கள் இர்ஷாத்தின் வேலையையும் சேர்த்துத்தான் சிரித்தார்கள்.

இர்ஷாத் சும்மா இருக்கவில்லை. பழைய எஞ்சினுக்குப் பெற்றோல் சொட்டினால் போதும். புதியது அப்படி இல்லை, ஊசிமுனைத் துளை வழியாகப் பீச்சி அடிக்கும். அதற்கு பம்ப் பின்னாலிருந்து விடாமல் நெருக்கித் தள்ள வேண்டும். அந்த நெருக்கத்தை அளக்க ஒரு கேஜ் உண்டு. முள் நாற்பதில் நிற்க வேண்டும். இர்ஷாத் கேஜை மாட்டினான். நாற்பது. எஞ்சினை உறுமவிட்டுப் பார்த்தான். நாற்பது. ஆனாலும் ஏற்றத்தில் நிற்கிறதே என்று பம்பை மாற்றினான். நான்கு நாளில் நின்றது. பில்டரை மாற்றினான், பம்புக்குப் போகும் வயரைப் புதிதாக இழுத்தான். மறுபடி நின்றது. கராஜுக்குள் கொண்டுவந்தால் முள் நாற்பதிலேயே, ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி நின்றது.

மே பிறந்து இரண்டாவது வாரம், ஒரு பிற்பகல், சேர் நான்காவது முறையாகக் காரைக் கொண்டுவந்தார். பேச்சைச் சுருக்கமாகவே வைத்துக்கொண்டார். இனி இதை நம்பி இருக்க முடியாது, லொறிக்குச் சொல்லி வைக்கப் போவதாகச் சொன்னார். லொறி என்ற வார்த்தை வந்ததும் அவர் குரல் ஒரு மாதிரி ஆனது. இர்ஷாத் கையைத் துடைத்தபடி தலையைக் குனிந்து நின்றான். இன்னொரு பம்ப் போட்டுப் பார்ப்போம் என்றான். அவனுக்கே அதில் நம்பிக்கை இல்லை என்பது ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இருந்தவளுக்கும் தெரிந்தது.

ரினோஸா கொப்பியைத் திறந்து வைத்திருந்தாள். முந்தின வாரம் முழுக்க அந்தப் பக்கங்களைத்தான் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தாள். நின்ற நாள் ஒவ்வொன்றும் அதில் இருந்தது. சேர் வந்து நானாவிடம் சொன்னதைச் சொன்னபடி எழுதியிருந்தாள். கார் நின்றது. இறங்கிப் போய் டேங்க் மூடியைத் திறந்து குச்சியை விட்டுப் பார்த்தார். பெற்றோல் இருந்தது. மூடிவிட்டு ஸ்டார்ட் பண்ணினார், பிடித்தது. மூன்று தடவையும் இதே வரிசை. அதற்குப் பிறகு கராஜுக்கு வருகிறது. நானா முதலில் என்ன செய்கிறார்? அவரும் மூடியைத் திறந்து குச்சியை விடுகிறார்.

இந்த ஊரில் எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். பெற்றோலுக்குக் கியூவில் இரண்டு நாள், மூன்று நாள் படுத்துக் கிடந்த வருடம் கற்றுக்கொடுத்த பழக்கம் அது. அந்த வருடம் நின்ற வண்டி எல்லாம் வெறும் டேங்கோடுதான் நின்றது. அதிலிருந்து வண்டி இருமினாலே கை மூடிக்குத்தான் போகும். மீட்டரை நம்புகிறவன் கிடையாது. எல்லார் வண்டியிலும் ஒரு குச்சி இருக்கும். மூடிக்குப் பூட்டு வந்ததும் அந்த வருடம்தான். ராத்திரியில் டியூப் போட்டு உறிஞ்சிப்போகிறவர்களுக்குப் பயந்து சேரும் ஒரு பூட்டு மூடி வாங்கிப் போட்டிருந்தார்.

இன்னும் இரண்டு வரி இருந்தது. ஒன்று மார்ச் மூன்றாம் திகதியில்: "அதிபர் சேர் வந்தார். பழைய டயர் டியூப் துண்டு கேட்டார். டேங்க் மூடிக்குள் வைக்கவாம், பெற்றோல் மணத்துக்கு சுலக்ஷனா மிஸ்ஸுக்குக் குமட்டிச் சத்தி வருதாம்." முதல் தடவை கார் நின்றது மார்ச் ஒன்பதாம் திகதி. மற்றது போன தடவை எழுதியது: "நானா மூடியைத் திறந்ததும் டேங்க் மூச்சு இழுத்தது."

கராஜில் இர்ஷாத் கையை நீட்டி டேங்க் சாவியைக் கேட்டான். குச்சி அவன் கக்கத்தில் இருந்தது. சேர் சாவியை எடுத்தார்.

ரினோஸா எப்போது எழுந்தாள், எப்போது ஜன்னலைச் சுற்றி வந்தாள் என்பது அவளுக்கே தெரியாது. கராஜின் ஈரமான சீமெந்துத் தரையில் நின்றிருந்தாள். சுலக்ஷனா மிஸ் ஒரு தடவை கடைக்கு வந்தபோது, ஸ்டூலில் உட்கார்ந்து வயிற்றின் மேல் கையை வைத்திருந்தது கண்ணில் வந்தது.

"நானா, மூடியத் தொறக்காதீங்க."

அலமாரி பேசியது போல இர்ஷாத் திரும்பினான். "என்ன?"

"தொறந்தா பொறகு ஒன்னும் வெளங்காது."

"பெற்றோல் ஈக்குதான்னு பார்க்க வேணாமா?"

"மூனு தரமும் ஈந்திச்சு."

அதற்கு மேல் வரவில்லை. கொப்பியை அவன் கையில் கொடுத்து, விரலால் வரியைக் காட்டினாள். இர்ஷாத் படித்தான். பக்கத்தைத் திருப்பினான், திரும்ப முன்னுக்கு வந்தான். நடுவில் ஓர் இடத்தில் நின்று, "நானா இன்னைக்கும் பம்பையே ஏசினார்" என்று மெதுவாக வாசித்தான். அவளுக்குக் காது சுட்டது. ஆனால் அவன் கோபப்படவில்லை. குச்சியைக் கக்கத்திலிருந்து எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தான்.

"சேர், சாவி ஒங்க கிட்டயே ஈக்கட்டும்," என்றான். "இன்னைக்கி ஏத்தத்துலயே வச்சுப் பார்ப்போம்."

நீளமான ஹோஸ் போட்டு கேஜை பொனெட் இடுக்கால் வெளியே எடுத்து, முன் கண்ணாடியில் வைப்பரின் கீழ் கட்டினான். உள்ளே இருந்தே முள்ளைப் பார்க்கலாம். சேர் ஓட்டினார். இர்ஷாத் பக்கத்தில். பின் ஆசனத்தில் ரினோஸா, மடியில் கொப்பி. முள்ளைப் பார்த்து எழுத ஓர் ஆள் வேண்டும் என்று இர்ஷாத்தான் அவளை ஏற்றினான். நீர்த்தேக்கத்துக் கரையில் போகும்போது நாற்பது. பாலத்தைத் தாண்டி ஏற்றம் பிடித்தபோது நாற்பது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் முப்பத்தேழு. அடுத்த வளைவில் முப்பத்தொன்று. பின்னாலிருந்து பம்ப் கீச்சிட ஆரம்பித்தது, வெறும் பாத்திரத்தைச் சுரண்டுகிற மாதிரி. இருபத்திரண்டு. கார் ஒருமுறை இருமியது. கோயில் வளைவில் முள் பதினைந்துக்கு விழுந்தது, எஞ்சின் அடங்கியது.

செல்லசாமி ஏற்கெனவே பாதைக்கு வந்துவிட்டார். "வாங்க சேர், நான் சட்டையக்கூட மாத்தல, நீங்க வருவீங்கன்னு தெரியும்" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் காரின் பின்பக்கம் போனார்கள். சேர் சாவியை இர்ஷாத்திடம் நீட்டினார். இர்ஷாத் அதை வாங்கி ரினோஸாவிடம் கொடுத்தான். அவள் சாவியைப் போட்டுத் திருப்பினாள். மூடி இறுகிப்போய் இருந்தது. இரண்டு கையாலும் பிடித்துத் திருக வேண்டியிருந்தது. விட்டதும் டேங்க் நீளமாக ஒரு மூச்சை உள்ளே இழுத்தது. தண்ணீருக்குள் கிடந்தவன் தலையை வெளியே எடுத்தது போல. செல்லசாமி இரண்டடி பின்னால் போனார்.

"ஸ்டார்ட் பண்ணுங்க சேர்," என்றான் இர்ஷாத்.

பிடித்தது. முள் நாற்பதுக்கு எழும்பி நின்றது.

மூடியைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். உள்ளே கறுப்பு டியூப் துண்டு, சேர் கையால் வட்டமாக வெட்டி வைத்தது, கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. அது அடைத்திருந்த இடத்தில், மூடியின் நடுவில், ஊசி போகிற அளவுக்கு ஒரு துளை. டேங்க் காற்று வாங்குவதற்கு இருந்த ஒரே வழி அதுதான். பெற்றோல் குறையக் குறைய உள்ளே காற்று போக வேண்டும். போகாவிட்டால் பம்ப் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இழுக்க முடியாது. ஓட ஓட டேங்க் இறுகியிருக்கிறது, திறந்து பார்க்கிற ஒவ்வொருவரும் நோயைத் தாங்களே துடைத்துவிட்டு, நோயைத் தேடியிருக்கிறார்கள். இர்ஷாத் தலையில் கையை வைத்துக்கொண்டு பாதையோரத்தில் குந்திவிட்டான். வீணாகப் போன ஒரு பம்ப், ஒரு பில்டர்.

சேர் மூடியையே பார்த்துக்கொண்டு நின்றார். "நான்தாங்க வச்சேன்," என்றார், யாருக்கென்று இல்லாமல். "அவளுக்கு மணம் ஒத்துக்கல."

துண்டை எடுத்து எறியத்தான் போனார். ரினோஸா கையை நீட்டி வாங்கினாள். இர்ஷாத்தின் பெட்டியிலிருந்து பிளேடை எடுத்து, நடுவை மட்டும் வெட்டி, வளையல் மாதிரி ஆக்கினாள். ஓரம் இறுகும், மணம் வராது. நடுத் துளை திறந்திருக்கும். மூடியில் வைத்துப் பூட்டிச் சாவியைக் கொடுத்தாள்.

ஒரு தடவையோடு நம்ப இர்ஷாத் தயாராக இல்லை. காரைத் திருப்பி மஸ்கெலியா வரை இறக்கி, மறுபடி ஏற்றினார்கள். ரினோஸாவின் கொப்பியில் அந்தப் பக்கம் முழுக்க நாற்பது நாற்பது என்றே இருக்கிறது. கோயில் வளைவில் செல்லசாமி கையைக் கட்டிக்கொண்டு நின்றார், கார் நிற்காமல் போனதைப் பார்த்து, "அப்ப என் வடை?" என்று கத்தியது பின்னால் கேட்டது. மேல் டிவிசனில் குவாட்டர்ஸ் வாசலில் சுலக்ஷனா இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். இறங்கியதும் இர்ஷாத்தின் கை தானாகவே டேங்க் மூடிக்குப் போனது. பாதியில் நினைவு வந்து, அதே கையால் பிடரியைச் சொறிந்துகொண்டான்.

மே இருபத்தாறு, விடிந்து கொஞ்ச நேரம். நல்ல மழை. ரினோஸா கடைக் கதவைத் திறந்துகொண்டிருந்தபோது மொரிஸ் மைனர் மேலிருந்து வந்து, கடையைத் தாண்டி, ஆஸ்பத்திரிக்குப் போகும் நோர்வூட் பாதையில் போனது. ஹோர்ன் அடிக்கவில்லை, வேகத்தைக் குறைக்கவும் இல்லை. பின் ஆசனத்தில் யாரோ யார் தோளிலோ சாய்ந்திருந்தார்கள். அவள் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றாள். வளைவைத் தாண்டி, மழைக்குள் கரையும் வரை அது ஒரே சீராகப் போனது. அதையும் எழுதி வைத்தாள்.

ஐந்து நாள் கழித்து சேர் வந்தார். முதலில் கராஜுக்குத்தான் போனார். பெண் பிள்ளை, மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, தாயும் நலம், நாளைக்கு வீட்டுக்கு விடுகிறார்கள் என்று இர்ஷாத்திடம் சொன்னது ஜன்னல் வழியே கேட்டது. இர்ஷாத் அவரைக் கட்டிப்பிடித்து, சட்டையில் எண்ணெய் அப்பியதும் தெரிந்தது. அவர்கள் கொஞ்ச நேரம் சிரித்துப் பேசினார்கள்.

பிறகு சேர் கடைப்பக்கம் வந்தார். கையில் ஒரு பை. அதிலிருந்து மைசூர்பாகுப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். அதன் பக்கத்தில் இன்னொன்றையும் வைத்தார்: பழுப்புத் தாள் உறை போட்ட, ஓரம் கறையான் தொட்ட ஒரு கொப்பி. உறையில் அவள் கையெழுத்தில் அவள் பெயர். தரம் பத்து, விஞ்ஞானம்.

அவள் திறந்தாள். கடைசியாக எழுதிய பக்கம் வரை சிவப்பு மையில் திருத்தியிருந்தது. எல்லாவற்றுக்கும் சரி போட்டிருந்தது. அதற்குப் பிறகு வெற்றுப் பக்கங்கள் நிறைய இருந்தன.

நிமிர்ந்தபோது சேர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று வகுப்பில் நடந்ததற்கு மன்னிப்புக் கேட்க வந்தவர் மாதிரி வாயைத் திறந்தார். அவரால் முடியவில்லை. ரினோஸா அவசரப்படுத்தவில்லை; அந்த இடத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். சேர் மேசை விளிம்பை இரண்டு தரம் விரலால் தட்டினார். தலையை அசைத்தார். குடையை விரித்துக்கொண்டு படியிறங்கிக் காருக்குப் போனார்.